வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அணையும் விளக்கு

எங்கள் வீட்டு மோடத்தில் நாலு விளக்குகள். சனிக்கிழமை முதல் வியாழக்கிழமை வரை நாலும் ஒழுங்காக எரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆகிப் பத்து நிமிஷத்துக்குள் இரண்டாவது விளக்கு மட்டும் அணைந்துவிடும். அது அணைந்தால் மூன்றாவதும் போய்விடும். மூன்றாவது போனால் திரையில் என் கணவர் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். அதில் அவரோடு நான் ஒன்றாக இருந்தது பதினாலு மாசம். மற்ற நாளெல்லாம் அவர் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் எனக்கு வாரம் என்பது வெள்ளிக்கிழமைதான். மீதி ஆறு நாளும் அதற்காகக் காத்துக் கிடக்கிற நாட்கள். வியாழக்கிழமை ராத்திரியே தலைக்குச் சீயக்காய் அரைத்து வைத்துவிடுவேன். கேமராவில் முகமே பாதி மங்கலாகத்தான் தெரியும், முடி எங்கே தெரியப்போகிறது? தெரிந்தும் குளிப்பேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் போனில்தான் பேச்சு. அதுவும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே. முதலில் குரல் பக்கத்தில் நிற்கிற மாதிரி கணீரென்று வரும். கொஞ்ச நேரத்தில் யாரோ அவர் வாயில் துணியைப் போட்டு மூடின மாதிரி அமுங்கிவிடும். கடல் தாண்டி வருகிற குரல், அப்படித்தான் இருக்கும் என்று நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற ஓட்டு வீடு. நான் பழையசீவரத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அது ஒரே வீடாக இருந்தது. மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, என் கணவரும் அவருடைய அண்ணனும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மதகை ஒட்டின வயல் அண்ணனுக்கு, கடைசி வயல் தம்பிக்கு. கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேருவதற்குள் நாற்று காய்ந்துவிடும். வாய்க்கால் சண்டை வீட்டுக்குள் வந்தது. பஞ்சாயத்தில் நாலு பேர் எதிரில் என் கணவர், "எனக்கு அண்ணன்னு ஒருத்தன் கெடையாது" என்று சொல்லிவிட்டார். என் மூத்தார், அதாவது அந்த அண்ணன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரமே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். கூடம் எங்களுக்கு, பின்னால் இருந்த பெரிய அறை அவர்களுக்கு. சுவரும் முழுச் சுவர் இல்லை, தூலம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கத்துத் தாளிப்பு எங்கள் பக்கம் மணக்கும். நான் தும்மினால் அந்தப் பக்கம் என் ஓரகத்தி "நூறு வயசு" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்குக் கேட்கும். முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு மட்டும்தான் அந்தச் சுவர் உதவியது.

சுவர் எழும்பிய ஆறு மாசத்தில் என் கணவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார். பிழைப்புக்காகப் போனார் என்று ஊரில் சொன்னோம். உண்மை அதுவல்ல. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவரால் சாப்பிட முடியவில்லை.

முகம் பார்த்துப் பேசலாம் என்று அவர் ஆசைப்பட்டதால்தான் கம்ப்யூட்டர் வந்தது. உத்திரமேரூர் பஜாரில் ஒரு பாய் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் எடுத்தோம். கடைக்காரரே ஆட்டோவில் கொண்டுவந்து கூடத்தில், சுவரை ஒட்டி மேசை போட்டு மாட்டிக் கொடுத்தார். தொலைபேசி ஆபீஸிலிருந்து லைன்மேன் வந்து போன் ஒயரில் ஒரு சின்னப் பெட்டியைச் சொருகினார். ஃபில்டர் என்றார். அதில் ஒரு ஓட்டை போனுக்கு, ஒரு ஓட்டை மோடத்துக்கு. ஒரே ஒயரில் பேச்சும் வரும், நெட்டும் வரும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளாமல் இந்தப் பெட்டி பிரித்துவிடும் என்றார். இரண்டு பேரை அடித்துக்கொள்ளாமல் பிரித்துவைக்கிற வேலையை ஒரு பெட்டி செய்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

விளக்குகளை நான் பார்த்துப் பார்த்தே பழகினேன். முதல் விளக்கு கரண்டுக்கு. அது எரியாவிட்டால் பிளக்கைப் பார்க்க வேண்டும், அல்லது மின்வெட்டு. இரண்டாவது லைனுக்கு. மோடம் போட்டதும் அது மெதுவாகச் சிமிட்டும். எக்ஸ்சேஞ்சைத் தேடுகிறது என்று அர்த்தம். பிறகு வேகமாகச் சிமிட்டும்; ஆள் கிடைத்துவிட்டது, பேசிப் பார்க்கிறது. பிறகு நின்று எரியும். மூன்றாவது இன்டர்நெட்டுக்கு. அது பச்சையாக இருந்தால் எல்லாம் சுகம். சிவப்பாக இருந்தால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே போட்ட பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. நாலாவது கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயருக்கு. அது அணைந்தால் ஒயரை ஒரு தரம் பிடுங்கிச் சொருகினால் போதும். பன்னிரண்டாவதில் இயற்பியலில் தத்தித் தத்திப் பாஸான நான் இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

பழகுவதற்குள் செய்யாத கூத்தில்லை. ஒரு தரம் ஊக்கை எடுத்து மோடத்தின் முதுகில் இருந்த சின்ன ஓட்டையில் குத்திவிட்டேன். உள்ளே இருந்த பெயர், பாஸ்வேர்டு எல்லாம் துடைத்துக்கொண்டு போய், மூன்றாவது விளக்கு நாலு நாள் சிவப்பாகவே இருந்தது. மோடம் சூடாகிறதே என்று தண்ணீர்ப் பானையை ஒட்டி வைத்தேன். ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றோடும் மோடத்தையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் பார்த்தால் இரண்டாவது விளக்கு இல்லை. பதறிப்போய் பஜாருக்குப் போன் போட்டேன். பாய் தானே வந்து பார்த்தார். பொறுமையாகத் தன் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்தார். உள்ளே விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பொட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"இன்னாம்மா நீ, பேஜார் பண்ற. நெத்தி எதுன்னு பாத்து வைக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இதெல்லாம் தெரிந்த கோளாறு. காரணம் புரிந்தால் கோளாறு பயமில்லை. வெள்ளிக்கிழமைக் கோளாறுதான் புரியவில்லை.

நாலு மணிக்கு அவர் திரையில் வருவார். அவர் தங்கியிருந்த கேம்ப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர்; ஆளுக்கு ஒரு மணி நேரம். பின்னால் அடுத்த ஆட்கள் வரிசையில் நிற்பது எனக்குத் தெரியும். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். கம்ப்யூட்டரோடு இரண்டு ஸ்பீக்கர் வந்திருந்தது. ஆனால் அவர் குரல் அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்று பிடிவாதமாக ஹெட்போன் வாங்கினேன். அவருடைய குரல் எனக்கு மட்டும்தான். அதில் ஒரு சொல்லைக்கூட யாருக்கும் தர நான் தயாராக இல்லை.

"சாப்ட்டீங்களா? இன்னா கொழம்பு? ஏன் இப்டி எளச்சிட்டீங்க?" இப்படி ஆரம்பித்து ஐந்து நிமிஷம் போயிருக்காது, விளக்கு அணையும். அவர் உறைந்துபோவார். நான் "அலோ, அலோ, கேக்குதா?" என்று கத்துவேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் விளக்கு மறுபடி சிமிட்டித் தேடி, நின்று எரியும். மறுபடி கூப்பிடுவார். மறுபடி ஐந்து நிமிஷம், மறுபடி அணையும். ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி "அலோ"விலேயே போய்விடும். அணைத்துவிட்டு அரை நிமிஷம் விட்டுப் போட்டேன். ஒயர் நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததைக் கத்தியால் சுரண்டினேன். வெளியே ஒயரை அணில் கடித்திருக்கிறதா என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. நெட் ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லாமல் நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கே போன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். விளக்கு அணைந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை போனைத் தூக்கிக் காதில் வைத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

அந்த வருஷம் அவருடைய ஒப்பந்தம் முடிகிற வருஷம். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாரா, ஊருக்குக் கிளம்புகிறாரா என்று மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். அதை எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. நாலு வார்த்தை வேறு பேசி, அவர் சிரித்து, முகம் இளகின பிறகு சொல்ல வேண்டும். முகம் இளகுகிற நேரத்துக்குச் சரியாக விளக்கு அணையும். அடுத்த அழைப்பில் மறுபடி முதலிலிருந்து.

ஒரு வெள்ளிக்கிழமை அவரே கேட்டுவிட்டார். "நீயே ஆஃப் பண்ணிட்றியா? எம்மேல எதுனா கோவமா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆமா, ஒரு வாரம் ஒக்காந்து காத்துக்கினு இருந்துட்டு, வந்ததும் ஆஃப் பண்ணத்தான் எனக்கு ஆச" என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. விளக்கு போயிருந்தது. அன்றைக்கு மேசை மேல் தலையை வைத்து அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

லைன்மேன் இரண்டு தடவை திங்கட்கிழமையாகப் பார்த்து வந்தார். நடு வயது, பொறுமைசாலி. தன் டெஸ்ட் போனை மாட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, லைன் கண்ணாடி மாறி கீது" என்றார். திங்கட்கிழமை கண்ணாடி மாதிரி இருந்தால் எனக்கு என்ன? "அண்ணா, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், வெள்ளிக்கிழம நாலு மணிக்கு ஒரு தபா வாங்க" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சரி என்றார்.

சொன்னபடி வந்தார். மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு, நான் கொடுத்த காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டு மோடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேற்று மனிதர் எதிரில் கணவரோடு பேசக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் பேசினேன். ஏரியில் தண்ணீர் வந்திருக்கிறது, பசு கன்று போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது.

"தோ, பாருங்க! பாருங்க!" என்றேன். என் புருஷன் முகம் உறைந்து நிற்கிறது, நானோ கோளாறு கையும் களவுமாகப் பிடிபட்டதில் குதிக்கிறேன்.

லைன்மேன் டம்ளரை வைத்துவிட்டு நேராகப் போனிடம் போனார். துண்டை எடுத்தார். ரிசீவரைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு வாய் வைத்துப் பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, சின்னக் குரலில், "யாரோ எடுத்து வச்சிக்கினு கீறாங்கமா" என்றார்.

ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம். பிறகு ஒரு இருமல். அதே இருமல் சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாகவும் என் இன்னொரு காதில் விழுந்தது. மூத்தாருடைய பீடி இருமல்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வீடு ஒன்றாக இருந்த நாளில் கூடத்தில் ஒரு போன், பின்னால் அறையில் அதே லைனில் மணி கெட்டுப்போன இன்னொரு போன். பிரிவினையில் லைன் எங்களுக்கு வந்தது. பின்னறைப் போனை அவர்கள் கழற்றிவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் கழற்றிக்கொள்வோம் என்று அவர்கள் நினைத்தார்களோ என்னவோ. பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் யார் யாரைக் கேட்பது? சுவர் கட்டின கொத்தனார் ஒயரையும் சேர்த்துப் பூசிவிட்டார். தென்னை மரத்தை எண்ணி, பித்தளை அண்டாவை எண்ணி, எருவைக் கூடக் கூறு போட்டுப் பிரித்த எங்களுக்கு ஒரு ஒயர் கண்ணில் படவில்லை.

"அந்தப் பக்கத்துப் போனுக்கு ஃபில்டர் இல்லல்ல? அத்தத் தூக்குனா உங்க நெட்டு உழுந்துரும்" என்றார் லைன்மேன், அதே சின்னக் குரலில். "ஒரு ஃபில்டர் எடுத்தாந்து அங்க மாட்டிட்டா சரியாப் பூடும். அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர்களிடம் ஒரு வார்த்தை! மூத்தார் எதிரில் நின்று பேசுகிற வழக்கமே எங்கள் பக்கம் இல்லை. ஒன்றாக இருந்த நாளிலேயே அவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கதவு மறைவில் நிற்பேன். அதைவிட, எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியிருந்தது. வேண்டுமென்றே செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். தம்பி பெண்டாட்டியும் தம்பியும் சந்தோஷமாகப் பேசுவது பொறுக்காமல், நேரம் பார்த்துத் தூக்கிக் கெடுக்கிறார். முன்னால் குரல் அமுங்கியதும் இவரால்தான். இத்தனை நாள் ஒட்டுக் கேட்டிருக்கிறார்.

"வெட்டிடுங்கண்ணா" என்றேன், அந்தப் பக்கம் கேட்காமல்.

"வேணாம்மா, யோசிச்சி..."

"எங்க லைனு. வெட்டுங்க."

அவர் சுவரோரம் உட்கார்ந்து, போன் இணைப்புப் பெட்டியைத் திறந்து, சுவருக்குள் போகிற ஒயரைக் கட்டிங் பிளையரால் நறுக்கினார். சத்தம்கூட வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் விளக்கு சிமிட்டி நின்று எரிந்தது. எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை. மாசத்தின் கடைசி வெள்ளிக்கிழமையும் அதுதான். நாலு மணிக்கு வந்தார். ஐந்து நிமிஷம் ஆனது, விளக்கு அணையவில்லை. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். அவர் முகத்தை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! காதோரம் இரண்டு நரை முடி. மீசையைக் கொஞ்சம் சிறிதாக்கியிருந்தார். மேல் உதட்டில் ஒரு கீறல், சவரம் செய்யும்போது பட்டதாம். கையை நீட்டித் திரையைத் தொட்டுவிடப் போனேன், வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு கேட்டேன். "வந்துடுங்களேன். போதும். இருக்கறத வச்சிக் காலம் தள்ளிக்கலாம்."

அவர் குனிந்துகொண்டார். "வந்து?" என்றார் கடைசியில். "அந்தச் செவுத்தப் பாத்துக்கினே ஒக்காந்துக்கினு இருக்கவா? ஏரிக்கரையில எதுர வந்தா மூஞ்சத் திருப்பிக்கினு போகவா? நாலு பேர் முன்னால அண்ணனே இல்லன்னு சொல்ட்டு வந்தவன் நானு. எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது? நாளைக்கி எழுதிக் குடுத்துடப் போறேன். ரெண்டு வருசம் ஓடிப் பூடும்."

ஓடிப் போய்விடுமாம். சண்டை போட்டு ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்க மனசில்லை. அப்போதுதான் ஹெட்போனையும் தாண்டி அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். நிறுத்தி, மறுபடி டொக், டொக். ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினேன். சுவருக்கு மேலிருந்து வந்தது. போனில் ரிசீவர் உட்காருகிற கட்டையை யாரோ விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என் ஓரகத்தியின் குரல். "இன்னாத்துக்கு அத்தப் போட்டுத் தட்டிக்கினே கீற? வெள்ளிக்கெழமன்னா இதே வேலையாப் பூச்சு ஒனக்கு."

"சும்மா இருடி." மூத்தார் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அந்தப் பொண்ணு பேசிக்கினு கீது பாரு. தம்பி லைன்ல கீறான். முன்னல்லாம் அவங் கொரலு நல்லாக் கேக்கும். கொஞ்ச நாளா வெறும் எரைச்சலு. அதுக்குள்ள எங்கியோ பேசறாப்பல இருக்கும், காத வச்சிக்கினே இருந்தா. இன்னிக்கி அந்த எரைச்சலும் இல்ல."

மறுபடி டொக், டொக்.

எத்தனை வெள்ளிக்கிழமை! நான் இந்தப் பக்கம் அவர் முகத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் இன்னொருவர் வெறும் இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டு அதே ஆளுக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார். குரல் கேட்க வேண்டும் என்று அவர் தூக்கினதால்தான் குரல் அறுந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே வெட்டச் சொன்னவள் நான்.

"இன்னா ஆச்சு? கேக்குதா?" என்றார் என் கணவர்.

சொன்னேன். குரலைத் தாழ்த்தி, ஒயரைப் பற்றி, வெட்டியது பற்றி, இப்போது கேட்கிற சத்தத்தைப் பற்றி, மூத்தார் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே. நான் முடித்ததும் திரையில் அவர் முகம் உறைந்து நின்றது. போச்சு, லைன் போச்சு என்று மோடத்தைப் பார்த்தேன். நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. லைன் போகவில்லை. அசையாமல் இருந்தது அவர்தான்.

"ஒங்க அண்ணங்கிட்டப் பேசறீங்களா?" என்றேன். அதைக் கேட்க எனக்கு ஆசையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் அரை மணி நேரம் மீதி இருந்தது. அது என்னுடைய அரை மணி.

அவர் தலையை ஆட்டினார். வேண்டும் என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா என்று கேட்கவில்லை. ஹெட்போனின் காது ஒயரைப் பிடுங்கினேன். மைக் ஒயரை மட்டும் விட்டுவைத்தேன். ஸ்பீக்கரைச் சொருகினேன். ஸ்டூலை மேசைக்குப் பக்கத்தில் போட்டு ஏறி, ஒரு ஸ்பீக்கரைச் சுவரின் தலையில், அந்த இடைவெளியில் வைத்தேன். ஒயர் அதுவரைக்கும்தான் எட்டியது. நான் கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்துவிடும். இன்னொரு கையில் மைக்கை அந்தப் பக்கம் பார்க்க உயர்த்திப் பிடித்தேன். "பேசுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் டொக் சத்தம் மட்டும். பிறகு ஸ்பீக்கரிலிருந்து, கரகரவென்று, "ண்ணா" என்றார்.

டொக் சத்தம் நின்றது.

என் ஓரகத்தி "அய்யோ" என்று ஏதோ சொன்னாள். பிறகு மூத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப சாதாரணமாக, "சாப்டியாடா?" என்று கேட்டார்.

"சாப்டேண்ணா."

"அங்க வெயிலு ஜாஸ்தியாமே."

"ஜாஸ்திதான்."

"ஏரி ரொம்பிடுச்சி. இந்த வாட்டி கடப்போக வெள்ளாமையும் பாக்கலாம். ஒன் வயலுக்கும் நாந்தான் தண்ணி உட்டேன். வாய்க்கால வெட்டி உட்டுட்டேன், நேரா வந்துரும்."

இது எனக்கே புதுச் செய்தி. கடைசி வயலில் நாற்று எப்படிப் பிழைத்தது என்று போன மாதம் நான் அதிசயப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு பேரும் கன்றைப் பற்றிப் பேசினார்கள். மோட்டாரைப் பற்றிப் பேசினார்கள். பஞ்சாயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. எனக்குக் கை கடுத்தது. இறங்கி மறுபடி ஏறலாம் என்றால் அதற்குள் பேச்சு அறுந்துவிடுமோ என்று பயம். இத்தனை வெள்ளிக்கிழமை அறுந்தது போதாதா?

அவருக்குப் பின்னால் யாரோ நேரமாகிவிட்டது என்று சொல்வது ஸ்பீக்கரில் கேட்டது. அவர் அவசர அவசரமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"ண்ணா, நான் வூட்டுக்கு வந்துடட்டா?"

"கேக்கறான் பாரு கேள்வி" என்றார் மூத்தார். "வாடா."

"வந்துடறேண்ணா."

ஒரு வருஷமாக நான் காதில் கேட்கத் தவித்த வார்த்தை. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்றும் எனக்குத் தெரியாது. நான் ஸ்டூலின் மேல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.